கோவளத்துக்கு அந்தக் கேமரா எப்படி வந்தது?

2019 அக்டோபர் 12, சனிக்கிழமை. சீன அதிபர் ஷி ஜின்பிங்கைச் சந்திக்க மாமல்லபுரம் வந்திருந்த பிரதமர் மோடி, கோவளத்தில் காலை நடையின்போது கடற்கரைக் குப்பையைப் பொறுக்கும் காணொலி வெளியானது. கொஞ்ச நேரத்திலேயே வேறு சில படங்கள் வாட்ஸ்அப்பிலும் ட்விட்டரிலும் சுற்ற ஆரம்பித்தன. ஒன்றில் மணல்மேல் பெரிய கேமராவும் படப்பிடிப்புக் குழுவும். இன்னொன்றில் கருவியோடு மணலைச் சோதிக்கும் வெடிகுண்டு தடுப்புப் பிரிவினர். குப்பை பொறுக்கியதெல்லாம் செட்டப் என்பதுதான் அந்தப் படங்களோடு வந்த சேதி.

செய்திகளைச் சரிபார்க்கும் இணையதளக்காரர்கள் அந்தப் படங்களின் மூலத்தைத் தேடினார்கள். கேமராக் குழுவின் படம் ஸ்காட்லாந்து நாட்டின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரையில் எடுத்தது. வெடிகுண்டு சோதனைப் படம் அந்த ஆண்டு மக்களவைத் தேர்தல் பிரசாரத்தின்போது கோழிக்கோடு கடற்கரையில் எடுத்தது. இரண்டுக்கும் கோவளத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

கோவளத்திலோ நெம்மேலியிலோ பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் படங்களைப் பார்த்தவுடன் ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். இது நம்ம கடற்கரைதானா? ஃபைபர் படகு எங்கே, வலைக் குவியல் எங்கே, கரை இப்படியா வளையும்? அந்தச் சந்தேகம் இயல்பாக வர வேண்டுமென்றால் படத்தைப் பார்ப்பதற்கே ஒரு பழக்கம் வேண்டும்.

படங்கள் போலி என்று தெரிந்ததோடு விஷயம் முடிந்துவிடவில்லை. முதலில் வந்த காணொலியை யார் எடுத்தார்கள்? யார் வெளியிட்டார்கள்? நாட்டின் தலைவர் ஒருவர் குனிந்து குப்பை பொறுக்கும் காட்சி யாருக்காக, எந்த நேரத்தில் வெளிவந்தது? இந்தக் கேள்விகளுக்கும் போலிப் படங்களுக்கும் தொடர்பில்லை. போலியை மட்டும் பிடிக்கிறவர் ஒரு கட்சிக்காரராக இருக்கலாம். அசலை மட்டும் சந்தேகிக்கிறவர் இன்னொரு கட்சிக்காரராக இருக்கலாம். இரண்டு கேள்வியையும் ஒரே நிதானத்தோடு கேட்கிற பதினாறு வயதுப் பிள்ளைதான் ஊடகம் படிக்கத் தொடங்கியவர். அந்தப் பிள்ளையை உருவாக்கும் வேலையைத் தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளிகள் இன்னும் கையில் எடுக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மாமல்லபுரத்துப் பிள்ளைகள் கேமராவுக்குப் புதியவர்கள் அல்லர். கடற்கரைக் கோயில் பின்னணியில் கல்யாண ஜோடி போட்டோ ஷூட், ஐந்து ரதம் பக்கம் யூடியூபர்கள், ஈ.சி.ஆர். ஓரத்தில் சினிமாப் படப்பிடிப்பு என்று அடுத்தவர் கேமராவைப் பார்த்தே வளர்கிறார்கள். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-வது செஸ் ஒலிம்பியாட் இங்கே நடந்தபோது அதன் சின்னமான, வேட்டி கட்டிய குதிரைமுகத் ‘தம்பி’ சுவரெங்கும் நின்றான். அந்த விளம்பரங்களில் யார் படம் இருக்கிறது, யார் படம் இல்லை என்ற சர்ச்சை உயர்நீதிமன்றம் வரை போனது. குடியரசுத் தலைவர், பிரதமர் படங்களும் இடம்பெற வேண்டும் என்று மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஒரு போஸ்டரில் யாருக்கு எவ்வளவு இடம் என்பது அதிகாரம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் பாடம் கிடைக்காது. ஆனால் அந்தப் போஸ்டரின் கீழே பஸ்ஸுக்கு நின்ற மாணவர்களுக்கு அதை வாசிக்கச் சொல்லித்தர ஒரு பீரியட்கூட இல்லை.

இருப்பதையும் சொல்ல வேண்டும். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலிருந்து ஓடுகிறது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்கள் திரையிடப்படுகின்றன. ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று மாணவர் இதழ்கள் வருகின்றன. படம் பார்த்துப் பேசுவதும், இதழில் தன் பெயரை அச்சில் பார்ப்பதும் ஒரு குழந்தைக்கு எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் திரையிடலும் தேன்சிட்டும் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைதான். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு வந்து கதவைச் சாத்திவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது? கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர்களுக்குப் பல்லூடகமும் பேஜ்மேக்கரும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தமிழில் ‘திரைமொழி’ என்று நல்ல பாடம் ஒன்று உண்டு. ஒரு ஷாட்டுக்கு அடுத்து எந்த ஷாட்டை வைக்கிறோம் என்பதால் அர்த்தமே மாறிவிடும் என்ற சினிமா அறிவு அரசுப் பாடநூலுக்குள் வந்தது சாதாரணக் காரியமல்ல. ஆனாலும் அது ஒரு பாடம். ஒரு தேர்வுக் கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. பதினாறு, பதினேழு வயதில், போன் சொந்தமாகக் கைக்கு வந்து, ஓட்டுப் போட ஓரிரு வருடம்தான் பாக்கி என்ற நிலையில், ஊடகத்தைப் பற்றிப் பள்ளி மௌனமாகிவிடுகிறது.

அந்த மௌனத்துக்கு நாம் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் வடமாநிலக் கும்பல் இறங்கியிருக்கிறது என்ற ஃபார்வர்டு வட மாவட்டங்கள் முழுக்கச் சுற்றியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தில் 65 வயது அம்மா ஒருவர் வழியில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊர் கூடி அடித்தே கொன்றது. அதே நாட்களில் பழவேற்காட்டில் அடையாளம் தெரியாத ஒருவரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அடித்தவர்களும் பள்ளிக்கூடம் போன தலைமுறையினர்தான். எழுதப் படிக்கத் தெரிந்ததால்தான் அந்த மெசேஜை அவர்களால் படிக்கவும் அனுப்பவும் முடிந்தது. நாடெங்கும் இப்படிக் கொலைகள் நடந்த பிறகு, அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு சேதியை ஐந்து பேருக்குமேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி குறைத்தது. நம் பாடத்திட்டம் எதையும் கூட்டவில்லை.

2023 மார்ச்சில் காற்று எதிர்ப்பக்கமாக வீசியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சம்பந்தமில்லாத பழைய வீடியோக்கள் பரவின. மறைமலைநகரிலும் மகேந்திரா சிட்டியிலும் வேலை செய்யும் வடமாநிலத்தவர் செங்கல்பட்டுக்காரர்களுக்கு அன்றாடம் பார்க்கும் முகங்கள். அவர்கள் ஊரிலிருந்து அம்மா அப்பா அழுதுகொண்டே போன் செய்தது இதே மாவட்டத்துக்குத்தான். ஒரு பொய்யைப் பார்த்து நாம் அவர்களைக் கண்டு பயந்தோம், இன்னொரு பொய்யைப் பார்த்து அவர்கள் நம்மைக் கண்டு பயந்தார்கள். இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வகுப்பறையில் பேசினால் போதும், வேறு முன்னுரையே வேண்டாம்.

பக்கத்து வீட்டைப் பார்க்கலாம். கேரளத்தில் பிளஸ் டூ கலைப்பிரிவில் ஜர்னலிசம் ஒரு விருப்பப் பாடம். தடுப்பூசிக்கு எதிரான வாட்ஸ்அப் வதந்திகளைப் பார்த்த பிறகு, கண்ணூர் மாவட்ட நிர்வாகம் 2018-இல் ‘சத்யமேவ ஜயதே’ என்ற பெயரில் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை அடையாளம் காணும் வகுப்புகளைத் தொடங்கியது. அந்தப் பெயரில் மாநிலம் முழுக்கப் பிறகு பயிற்சி விரிந்தது. சி.பி.எஸ்.இ.யில் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்கு ‘மாஸ் மீடியா ஸ்டடீஸ்’ என்ற திறன் பாடம் உண்டு. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, என்.சி.இ.ஆர்.டி. இந்தி மாணவர்களுக்குப் போட்ட ‘அபிவ்யக்தி ஔர் மாத்யம்’ என்ற புத்தகம். ஊடக எழுத்தை மொழிப் பாடத்துக்குள்ளேயே கொண்டுவந்த புத்தகம் அது. இந்தி படிக்கிற பிளஸ் ஒன் பிள்ளைக்குச் செய்தி எழுதுவது எப்படி, பேட்டி எடுப்பது எப்படி என்று தன் தாய்மொழியிலேயே ஒரு முழுப் புத்தகம் கிடைக்கிறது.

தமிழில் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் பார்க்கலாம். இலங்கையில் உயர்தர மாணவர்கள் ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ என்ற பாடத்தைத் தமிழ் மொழிமூலத்தில் எடுக்கலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கலைப்பிரிவுப் பிள்ளைகள் தமிழிலேயே படித்து, தமிழிலேயே பரீட்சை எழுதுகிறார்கள். 1841-இல் ‘உதயதாரகை’ வெளிவந்த மண் அது. போர்க்காலத்தில் செய்தியாளர்கள் உயிரைக் கொடுத்த மண். ஊடகம் என்பது வேடிக்கை அல்ல என்று அங்கே யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கலைச்சொற்கள், பாடத்திட்டம், வினாத்தாள் எல்லாம் தயாராக இருக்கின்றன. நாம் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பாடத்துக்கு எதிராகச் சொல்லப்படுகிறவற்றில் ஒன்றை மட்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். நீட், கட்-ஆஃப், வேலை வாய்ப்பு என்பதெல்லாம் எல்லாப் பாடத்துக்கும் சொல்வது. பிரிட்டனிலும் ஏ-லெவல் மீடியா ஸ்டடீஸை ‘மிக்கி மவுஸ்’ பாடம் என்று வருடக்கணக்கில் கேலி செய்தார்கள். பாடம் இன்னும் நடக்கிறது. ஆசிரியர்கள் தயங்குவதற்கு உண்மையான காரணம் வேறு. செய்தியைப் பற்றிப் பேசினால் அரசியலைப் பற்றிப் பேச வேண்டும். மறுநாள் காலையில் ஒரு பெற்றோர், கூடவே ஒரு கட்சிக்காரர், தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பதில், கேள்விகளை முன்பே எழுதி வகுப்பின் சுவரில் ஒட்டிவிடுவதுதான். யார் சொன்னது? எப்போது, எங்கே எடுத்தது? யாருக்காகச் சொன்னது? இதில் யார் இல்லை? வேறு எங்கே உறுதி செய்யலாம்? எந்தச் செய்தியாக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும் இதே ஐந்து கேள்விதான். ஆசிரியர் பதில் சொல்லவே வேண்டாம். சூடு ஆறிய பழைய செய்திகளில் தொடங்கினால் இன்னும் நல்லது.

பழைய செய்திக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் பஞ்சமே கிடையாது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தின் முன்னால் ஒரு வகுப்பை நிறுத்துங்கள். ஒற்றைக்காலில், இரு கையையும் தலைக்குமேல் தூக்கி, விலா எலும்பு தெரிய நிற்கிற தவசி ஒருவர். அர்ச்சுனன் தபசு என்று ஒரு கூட்டம் சொல்கிறது. பாறையின் நடுப் பிளவில் நாகர்கள் இருப்பதைக் காட்டி, இது பகீரதன் தவம், கங்கை இறங்கிய கதை என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. படம் ஒன்று, தலைப்பு இரண்டு. தலைப்பை மாற்றியதும் கண் பாறையில் வேறு இடத்துக்குப் போகிறதா இல்லையா என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லலாம். பிறகு பெரிய யானையின் பக்கம் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால்களை உயர்த்தி, மேலே நிற்கும் முனிவரைப் போலவே தவம் செய்கிறது ஒரு பூனை. சுற்றிலும் எலிகள், சில கைகூப்பியபடி. பல்லவச் சிற்பி ஒரே பாறையில் அசலையும் அதைப்போலவே நிற்கும் போலியையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். 1,300 வருடத்துக்கு மேலாக மழையிலும் உப்புக்காற்றிலும் நிற்கிற இந்தப் பாடத்தைவிட நல்ல முதல் பாடம் எந்த நாட்டுப் பாடநூலிலும் இருக்காது.

கொஞ்ச தூரத்தில் வெண்ணெய்ப் பந்து என்ற பெரும் பாறை. 1908-இல் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்று கைடுகள் சொல்வார்கள், யூடியூப் வீடியோக்களும் சொல்லும். முதன்முதலில் இதை எழுதியவர் யார், எந்த ஆண்டு, எந்த ஆவணத்தில்? ஒரு மாதம் அவகாசம் கொடுத்து மாணவர்களைத் தேட விடலாம். பதில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மூலம் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கடலில் மூழ்கிய ஆறு கோயில்களின் கதை இன்னும் வளமானது. 1770-களில் வந்துபோன வில்லியம் சேம்பர்ஸ், கடலுக்குள் கோயில் உச்சிகள் தெரிந்ததாக ஊரார் சொன்னதைக் கேட்டு எழுதினார். அது 1788-இல் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ முதல் தொகுதியில் அச்சானது. 2002-இல் தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் பிரிட்டிஷ் முக்குளிப்போரும் கடலுக்கடியில் கட்டுமான எச்சங்களைப் பார்த்தார்கள். 2004 டிசம்பர் 26 காலை சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கியபோது கற்கள் வரிசையாகத் தெரிந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அலை மணலை அரித்ததில் சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுள்ள பாறை வெளிவந்து, அதைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை தோண்டியதில் செங்கல் முருகன் கோயில் கிடைத்தது. அது கரையில் கிடைத்த கோயில். கடலில் மூழ்கியது அல்ல. ஆனால் செய்தித் தலைப்புகளில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன. கேட்டது, பார்த்தது, அளந்தது, ஊகித்தது என்று நான்கு நிறப் பேனாவால் ஒரு பழைய செய்தியை அடிக்கோடிட வைத்தால் ஒரு மாணவருக்கு ஆயுளுக்கும் மறக்காது.

இதே கரையில் புயல் செய்தியும் பாடம்தான். ‘காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே’ என்று வானிலை அறிக்கையில் கேட்காத கார்த்திகை இந்தப் பக்கம் இல்லை. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை ஒன்றையும், அதே நேரத்துத் தொலைக்காட்சித் தலைப்பையும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்த வாய்ஸ் மெசேஜையும் வரிசையாக வைத்துப் பார்க்கட்டும். அறிக்கையில் ‘கூடும்’ இருக்கும், காற்றின் வேகத்துக்கு இரண்டு எண்கள் இருக்கும், நேரத்துக்கு ஒரு வரம்பு இருக்கும். தலைப்பில் அந்தக் ‘கூடும்’ காணாமல் போயிருக்கும். மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் நடவடிக்கை எடு என்பது தெரியாமலே ‘ரெட் அலர்ட்’ என்று பதறுகிறோம், வராவிட்டால் திட்டுகிறோம். தேவனேரியிலும் கொக்கிலமேட்டிலும் கடலுக்குப் போகிற வீடுகளுக்கு இது மதிப்பெண் விஷயமல்ல.

அந்த வீடுகள் செய்தியில் எப்போது வருகின்றன என்ற கேள்வியும் இங்கேதான் எழும். புயல், சுனாமி, படகு கவிழ்ந்தது என்றால் மட்டும் மீனவர் முகம் திரையில் தெரியும். வலையின் விலை, கரை அரிப்பு, ஈ.சி.ஆர். ஓரத்து நிலம் கைமாறுவது பற்றிப் பேசும்போது அவர் முகம் இருக்காது. வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கிறது; நாடு முழுக்கப் பாம்புக்கடி மருந்துக்கு இங்கிருந்து விஷம் போகிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோதுதான் பலருக்கும் இது செய்தியானது. இருளர் என்றதும் மாணவர்களுக்கு ‘ஜெய் பீம்’ நினைவு வரும். அந்தப் படத்துக்கு ஆதாரமான உண்மை வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள் குறவர் சமூகத்தினர். படத்தில் இருளராகக் காட்டப்பட்டார்கள். ஒரு நல்ல நோக்கத்துக்காகக்கூட அப்படி மாற்றலாமா? மாற்றியதில் யாருக்குக் கிடைத்தது, யார் விடுபட்டார்கள்? இதற்கு ஒரே பதில் கிடையாது. பதினேழு வயதில் விவாதிக்க இதைவிடத் தகுதியான கேள்வி வேறு எது?

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மதுராந்தகம் பக்கம் கோழியாளம் கிராமத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற இதழைத் தொடங்கினார். முதலில் நான்கே பக்கம். பிறர் இழிவாகச் சொன்ன பெயரையே முகப்பில் பெரிய எழுத்தில் அச்சடித்தார். தங்களைப் பற்றிப் பிறர் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தவர்கள் தாங்களே எழுதத் தொடங்கிய நாள் அது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கும் தீர்மானம் வந்தது. ஊர் ஊராக அந்தச் சேதியைக் கொண்டுபோனதில் ‘குடி அரசு’ இதழுக்குப் பெரும்பங்கு உண்டு. ஊடகம் ஒரு சமூகத்தைத் தலைநிமிர வைத்த வரலாறு காலடியில் கிடக்க, நாம் பிள்ளைகளுக்கு ஊடகம் என்றால் ஆபத்து, போனைக் கீழே வை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வெறும் எச்சரிக்கையாக இந்தப் பாடம் வந்தால் அது தோற்றுவிடும். படிக்கிறவர் எழுதவும் வேண்டும்.

காலமும் கூடி வந்திருக்கிறது. 2017-18 கல்வியாண்டில் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு விலகிவிட்டது. பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு மூச்சு கிடைத்திருக்கிறது. அந்த இடத்தைப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்தித் தீர்க்கப் பல பள்ளிகள் எடுத்துக்கொள்ளும். அதற்குமுன் அரசு வாரத்துக்கு இரண்டு பீரியடை எல்லா குரூப்புக்கும் பொதுவாக ஊடகத்துக்கு ஒதுக்க வேண்டும். கலைப்பிரிவில் விரும்புகிறவர்களுக்கு அது முழு விருப்பப் பாடமாகவும் இருக்கட்டும். முதல் குரூப் மாணவருக்கு இது வேண்டாம் என்று நினைப்பது பெரிய தவறு. நாளைக்கு டாக்டராகப் போகிறவர்தான் தடுப்பூசி வதந்தியோடு முதலில் மல்லுக்கட்ட வேண்டியவர்.

ஆசிரியருக்கு எங்கே போவது? தமிழாசிரியர்தான் என் முதல் தேர்வு. ஒரு சொல்லை மாற்றினால் பொருள் எப்படிச் சாய்கிறது என்பது அவருக்குக் கைவந்த விஷயம். தாம்பரம், காட்டாங்குளத்தூர் பக்கம் இதழியலும் விஸ்காமும் நடத்தும் கல்லூரிகள் இருக்கின்றன. அந்த மாணவர்கள் மாதம் ஒருநாள் அச்சிறுப்பாக்கம், செய்யூர், திருக்கழுக்குன்றம் பள்ளிகளுக்கு வரட்டும். சமுதாய வானொலிக்காரர்களைக் கூப்பிடலாம். பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காகவே ‘கடல் ஓசை’ ஒலிக்கிறது. அதைப் போல ஒரு அரைமணி நேர நிகழ்ச்சியைச் சதுரங்கப்பட்டினம் பிள்ளைகளால் ஒரு போனை வைத்தே பதிவு செய்ய முடியும். விலை உயர்ந்த கேமராவும் ஸ்டுடியோவும் வந்தால்தான் பாடம் என்றால் அது தனியார் பள்ளிகளோடு நின்றுவிடும்.

பிராக்டிகலுக்கு என்ன வைப்பது என்று கேட்டால் என் யோசனை இது. ஒவ்வொரு பள்ளியும் பருவத்துக்கு ஒருமுறை நான்கு பக்க ஊர்ப் பத்திரிகை கொண்டுவரட்டும். ஏரிக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது, காலை பஸ் ஏன் நின்றது, ரேஷன் கடை எந்த நாள் திறக்கிறது என்று எழுதட்டும். ஒவ்வொரு செய்திக்கும் குறைந்தது இரண்டு பேரிடம் நேரில் கேட்டிருக்க வேண்டும். கேட்டவர், இடம், தேதி ரெக்கார்டு நோட்டில் இருக்க வேண்டும். எக்ஸ்டர்னல் வந்து பத்திரிகையைப் பார்ப்பதைவிட அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். முந்தைய இதழில் தவறு நேர்ந்திருந்தால், தவறான செய்தி எந்தப் பக்கத்தில், எந்த அளவில் வந்ததோ அதே பக்கத்தில் அதே அளவில் திருத்தம் போட வேண்டும். அந்தத் திருத்தத்துக்கும் மதிப்பெண் உண்டு.